மாவு புளிக்காத தெரு

2023ஆம் ஆண்டு பங்குனி முதல் தேதி, புதன்கிழமை தொடங்கி, கடலூர் முதுநகர் கெபித் தெருவில் மாவு புளிப்பது நின்றுபோனது. அந்த வெயிலுக்கு நாலு மணி நேரத்தில் குண்டானை விட்டு வழிய வேண்டிய மாவு, அரைத்து எடுத்த அளவிலேயே மறுநாள் காலைவரை கிடந்தது. முப்பத்தெட்டு வீடுகளிலும் அப்படித்தான். முதலில் உளுந்தைக் குறை சொன்னார்கள், பிறகு கிரைண்டர் கல்லை, பிறகு எதிர்வீட்டுக்காரியின் கண்ணை. மூன்றாம் நாள், உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. ஐந்தாம் நாள், ஞாயிறு பூசைக்கு வைத்துக்கொண்டுபோக எடுத்த மல்லிகை, புதன்கிழமை கட்டியது, அப்போதுதான் அவிழ்ந்ததுபோல் மணத்தது. கெபித் தெருவில் இனி எதுவும் கெடாது என்று ஒரு வாரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. கெடாதது வளரவும் செய்யாது என்று புரிய இன்னும் கொஞ்ச நாளாயிற்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓய்வுபெற்ற நடனசபாபதி வாரம் இருமுறை சவரம் செய்துகொள்பவர். ஏப்ரல் மாதம் சவரக்கடைக்காரர் அவர் வீட்டுக்கே வந்து, என்மேல் என்ன சார் கோபம் என்று கேட்டார்.

பெலிசியா, தெரு நடுவில் இருக்கும் அந்தோணியார் கெபியை, அந்தச் சின்னக் குகைக் கோயிலை, ஒட்டிய வீட்டில் காலை டிபன் கடை நடத்தினாள். அவள் கடைக்கு இட்லிதான் பேர். புளிக்காத மாவை ஊற்றிப் பார்த்தாள். "பெலிசி, ரெண்டு பார்சல் கட்டு, பைக் ஸ்டாண்டுக்கு அடியில வெக்கணும்" என்றார்கள். இடியாப்பத்துக்கும் பூரிக்கும் மாறினாள். ஆனால் தெரு சந்தோஷமாகவே இருந்தது. எல்லோரையும்விட சந்தோஷம் தனக்கோடிக்கு. சோனங்குப்பத்திலிருந்து வந்து கெபி நிழலில் கூடையை வைத்து மீன் விற்பவள் அவள். திங்கட்கிழமை எடுத்த சங்கரா சனிக்கிழமையும் கண் மின்னியது. அவள் ஐஸ் வாங்குவதை நிறுத்தினாள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் கரையேறியபோது, கடைசிப் படகு மீனை வாங்கி நிரப்பிக்கொண்டு, மே மாதம் முழுவதும் அதையே விற்றாள். "ஒரு மாசத்து மீனும்மா, புதுமாப்பிள்ள மாதிரி முழிக்குது பாரு" என்றாள். வாங்கிய யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

சந்தோஷப்படாத வயிறு தெருவில் ஒன்றே ஒன்று இருந்தது. பெலிசியாவின் நாத்தனார் ஜோதி மேரி, தலைப்பிரசவத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போது எட்டாம் மாதம். மே பத்து என்று தேதி கொடுத்திருந்தார்கள். மே பத்து வந்தது, போனது. ஸ்கேனில் குழந்தையின் நெஞ்சு ஒழுங்காக அடித்தது, எடை ஒரு கிலோ எண்ணூறு. மார்ச்சிலும் அதே ஒரு கிலோ எண்ணூறுதான். கணக்கு தப்பியிருக்கும் என்று வேறு தேதி எழுதிக் கொடுத்தார்கள். அவள் கணவன் ஆரோக்கிய ஜெகன், கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க், ஞாயிறுதோறும் பையில் நுங்கோடு வந்து, வயிற்றைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனான். அவன் அம்மா போனில் சொன்னாள்: "நல்ல வூட்டுக்குத்தான் புள்ளப்பேறுக்கு அனுப்பிச்சோம். உங்க வூட்ல இட்லியும் எழும்பல, புள்ளையும் எழும்பல." வைதாளே தவிர, சரியாகத்தான் சொன்னாள். பெலிசியா போனை வைத்துவிட்டு, மாவுக் குண்டானையும் நாத்தனாரின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கெபித் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யார் எதைக் கண்டெடுத்தாலும், அந்தோணியார் காலடியில் இருக்கும் பிஸ்கட் டின்னின் மூடி ஓட்டை வழியாகப் போட்டுவிட வேண்டும். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். தொலைத்தவர்கள் செவ்வாய்க்கிழமை செபம் முடிந்ததும் கெபி முன்னால் நின்று, என்ன தொலைத்தோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி அடையாளத்தோடு சொல்ல வேண்டும். சாவி வைத்திருக்கும் வியாகுலமேரி திறந்து எடுத்துக் கொடுப்பாள். இதில் சாதி மதம் கிடையாது, கூச்சமும் கிடையாது. நடனசபாபதி ஒருமுறை பல்செட்டைத் தொலைத்து, எந்தெந்தப் பல் என்று எண்ணிச் சொல்லி வாங்கிப்போனார். ஆனால் அந்தப் பங்குனிக்குப் பிறகு தெருவில் யாரும் எதையும் தொலைக்கவில்லை. பூட்டு துருப்பிடிக்கவில்லை, திறக்கப்படவும் இல்லை. பெலிசியாவின் கணவன் அடைக்கலராஜ் மட்டும் ஒரு செவ்வாய் விடாமல் கெபி முன்னால் முழங்காலிட்டு, உதடு அசைய, சத்தம் வராமல் வேண்டிக்கொண்டிருந்தான்.

அவன் வேலை, செம்மங்குப்பம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் குழாய் வெல்டிங்கைப் படம் எடுத்துப் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பார்ப்பதுபோல் இரும்பைப் பார்க்கும் வேலை. ஒரு ஒப்பந்தக்காரரிடம் இருந்தான். கொஞ்ச நாளாக வீட்டில் யாரோடும் சேர்ந்து சாப்பிடாமல் இருந்தான். மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், அவன் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிடுவதைப் பெலிசியா பார்த்தாள்.

"மீன்கொழம்ப ஒரு மனுஷன் ஸ்பூன்ல தின்னா, ஒண்ணு அவனுக்குக் காசு வந்திருக்கணும், இல்ல கை போயிருக்கணும். கையக் காட்டுங்க."

வலது கையில் இரண்டு விரல்நுனி தோலுரிந்து கறுத்திருந்தது. அவன் அழுதான். பிறகு சொன்னான். படமெடுக்கும் பெட்டிக்குள் இரிடியம் என்று ஒன்று இருக்கும். அதன் கதிர்தான் இரும்பைத் துளைத்துப் போய்ப் படம் பிடிக்கும். பெட்டியில் இருக்கும்வரை சாது. பங்குனி பிறந்த அன்று வேலை முடிந்ததும் அது பெட்டிக்குத் திரும்பாமல், வந்துபோகும் ரப்பர் குழாய்க்குள்ளேயே கழன்று நின்றுவிட்டது. அளக்கும் மீட்டரில் பேட்டரி இல்லை. குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள் எடுத்த படமெல்லாம் வெறுமையாக வந்தபோதுதான் தெரிந்தது. குழாயை உதறினார்கள். இல்லை. வழியில் எங்கோ விழுந்திருந்தது.

"எம்மாம் பெருசு?"

"அரிசி அளவு. பின்னால ஒரு சாண் கம்பி, வாலு மாதிரி."

"கிட்ட இருந்தா?"

"கொஞ்சங் கொஞ்சமா கொல்லும். தள்ளித் தள்ளிப் போனா கொறையும். ரெண்டு மடங்கு தள்ளி நின்னா நாலுல ஒரு பங்குதான்."

"உங்க இஞ்சினியரு?"

"எழுவத்துநாலு நாள்ல பாதியாயிடும், அப்பறம் அதுல பாதி, பேசாம இருந்தா தானா ஓஞ்சிடும்னாரு. வெளிய சொன்னா லைசென்ஸும் போவும், ஜெயிலும் கெடைக்கும்னாரு."

பெலிசியா அவன் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். "பாதி, பாதில பாதின்னு போனா எந்தக் காலத்துல தீர்றது? அதுவரைக்கும் உங்க தங்கச்சி வயித்துல அது பாதிப் புள்ளையாவே இருக்கணுமா?"

அது தெருவில்தான் எங்கோ இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தேடத்தான் வழி வேண்டும். கடை டம்ளர்களில் மாவு ஊற்றி வாசலுக்கு வாசல் வைத்துப் பார்த்தாள். எதிலும் ஒரு குமிழ்கூட வரவில்லை. தெரு மாவுக்கு உயிரில்லை என்று புரிந்துகொண்டு, ஜெகனுக்குப் போன் செய்தாள். அவன் சனிக்கிழமை தன் அம்மாவின் ஒரு வாரத்துப் புளித்த மாவை ஒரு தூக்கில் கொண்டுவந்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் மடியில் வழிந்தது. கெபித் தெரு முனையில் திரும்பியதும் அடங்கிவிட்டது. "அக்கா, இது பயந்துட்டாப்ல இருக்குதே" என்றான் ஜெகன். பெலிசியா அதைப் புது மாவில் கலந்து, முப்பத்தெட்டு டம்ளரில் பாதிப் பாதி ஊற்றி, வீட்டுக்கு ஒன்றாக வாசலிலும், தன் வீட்டுக்குள் இன்னும் மூன்றும் வைத்தாள். கேட்டவர்களிடம் நேர்ச்சை என்றாள். தனக்கோடி மட்டும் கூடையை நகர்த்திக்கொண்டு, "நீ இன்னாமோ செய்யிறம்மா, எம் மீன கெடுத்துடாத" என்றாள்.

ஞாயிறு காலை கணவனின் இரும்பு ஸ்கேலோடு தெருவை அளந்தாள். இரண்டு முனைகளிலும் மாவு நாலு விரல் எழும்பியிருந்தது. உள்ளே வர வர மூன்று, இரண்டு, ஒன்று. அவள் வாசலில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வைத்த டம்ளர்களில், அடுப்படியில் இருந்ததில் நாலைந்து குமிழ். கூடத்தில் இருந்ததில் இரண்டு. கெபிப் பக்கத்துச் சுவரோரம் வைத்தது தண்ணீர்போல் கிடந்தது. அந்தச் சுவர்தான் குளிர்ச்சி என்று ஜோதி மேரியின் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். பெலிசியா வெளியே வந்து சுவரின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அந்தோணியார் நின்றார். அவர் காலடியில் பிஸ்கட் டின்.

"மூணு மாசமா அவரு காலடியிலயே வெச்சிக்கிட்டு நின்னிருக்காரு" என்றாள் கணவனிடம். "நீங்க வாயத் தொறந்து கேட்டிருந்தா மொத செவ்வாயே குடுத்திருப்பாரு."

ஜோதி மேரியைத் தெருமுனையில் நடனசபாபதி வீட்டுக்கு மாற்றினார்கள். அது நாலு விரல் எழும்பிய வீடு. அன்று சாயங்காலம் குழந்தை இரண்டு முறை உதைத்தது. அடைக்கலராஜ் வேலையில் சட்டையில் குத்திக்கொள்ளும், கதிர் அளக்கும் பேட்ஜுக்குப் பின்னால், விபத்து நடந்தால் கூப்பிடச் சென்னை எண் ஒன்று அச்சிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பெலிசியா மறுபடி அடித்தாள். எடுத்தவர், எதையும் தொடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னார்.

ஜூன் பதின்மூன்று, செவ்வாய், அந்தோணியார் திருநாள். அடைக்கலராஜ் முழங்காலிட ஆரம்பித்ததிலிருந்து அது பதின்மூன்றாவது செவ்வாய். சப்பரத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது ஈயப் பானையோடும் நீளக் கிடுக்கிகளோடும் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். மஞ்சள் நாடா கட்டி எல்லோரையும் தெருமுனைக்கு அனுப்பினார்கள். கெபிப் பக்கம் போன மீட்டர் சில்வண்டுபோல் கத்தியது. டின் சாவியைக் கேட்டார்கள். வியாகுலமேரி தரவில்லை.

"தொலைச்சது நீங்களா சார்?"

"இல்லம்மா, நாங்க கவர்மென்ட்டு."

"அப்ப தொலைச்சவன் வந்து கேக்கட்டும்."

சட்டத்தை எடுத்துச் சொன்னார்கள். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தெருவே அவள் பக்கம் நின்றது. என்ன, ஏது என்று யாருக்கும் தெரியாது, வழக்கம் தெரியும். திருநாளுக்குக் கட்டிய மைக் தெருமுனையில் இருந்தது. பெலிசியா அதை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் அதிகாரிகளைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். லைசென்ஸும் ஜெயிலும் அவன் முகத்தில் வந்துபோனது பெலிசியாவுக்குத் தெரிந்தது. பிறகு எட்டு குழாய் ஸ்பீக்கரிலும் அவன் குரல் கேட்டது. "நான் அடைக்கலராஜ். பங்குனி ஒண்ணாந் தேதி நான் ஒண்ணத் தொலைச்சிட்டேன். அரிசி அளவு இருக்கும். வெள்ளியாட்டம் மினுக்கும். ஒரு சாண் கம்பி வாலு. அது கிட்ட இருந்தா ஆளக் கொல்லும். பயந்துகிட்டு யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் மன்னிக்கணும்."

முதலில் கத்தியது தனக்கோடிதான். "அடப்பாவி! அந்த வால்பூச்சியா? நாந்தான்டா போட்டேன்! கூடைக்கடியில கெடந்துது, சைக்கிள் பிரேக்குக் கம்பின்னு நெனச்சேன்!" பிறகு கூடையைப் பார்த்தாள். "அப்ப எம் மீனு கெடாம இருந்தது?" யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வியாகுலமேரி முடிச்சை அவிழ்த்து, அடையாளம் சரி என்று சொல்லி, சாவியை அடைக்கலராஜ் கையில் வைத்தாள். அவன் அதிகாரிகளிடம் கொடுத்தான். சாயங்காலம் ஐந்து பத்துக்கு அது ஈயப் பானைக்குள் போனது. மூடி விழுந்தது.

ஐந்து பதினொன்றுக்கு முப்பத்தெட்டு வீட்டு மாவும் எழும்பியது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து எழும்பியது. குண்டான்களை விட்டு வழிந்து, படிக்கட்டில் இறங்கி, தெருவில் வெள்ளையாக நடந்து, சப்பரச் சக்கரம்வரை வந்து நின்றது. பால் எல்லாம் தயிராயிற்று. தனக்கோடி கூடை ஒரே நொடியில் நாறி, அதிகாரிகள் மூக்கைப் பொத்தினார்கள். "போவட்டும், நாளைக்கு ராத்திரியோட தடை முடியுது" என்று அவள் கூடையைக் கடல் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினாள். நடனசபாபதிக்கு மார்பளவு தாடி வந்தது. அவர் தாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திருநாளுக்கு வந்து தன் வீட்டுத் திண்ணையில் மலைத்து நின்றிருந்த ஜெகனைத் தட்டி, ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார். உள்ளே ஜோதி மேரியின் வயிறு கண்ணெதிரே நிறைந்துகொண்டிருந்தது. "அண்ணி, அண்ணி" என்று அவள் கத்தியதில் பாதி வலி, பாதி சிரிப்பு. ஏழரைக்கு அரசு மருத்துவமனையில் பெண் பிறந்தது. மூன்று கிலோ இருநூறு. நர்ஸ் அன்று காலையில் எடுத்த ஸ்கேன் சீட்டைப் பார்த்துவிட்டு, தராசைத் தட்டி, மறுபடி நிறுத்து, அதே எடையை எழுதினாள். தெருவில் அன்று கூடிய முந்நூறு பேருக்கும் அதிகாரிகளுக்கும் பெலிசியா இட்லி போட்டாள். மாவு மிஞ்சியது.

ஆறு மாதம் தெருவில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரிடியம் பழசு, திருப்பி அனுப்ப வேண்டிய நிலையில் வலுவிழந்து இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள் என்று அறிக்கை சொன்னது. மாவைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. அடைக்கலராஜுக்கு இரண்டு விரல்நுனி போனது, லைசென்ஸும் போனது. இஞ்சினியர் மேல் வழக்கு நடக்கிறது. சாட்சி சொல்லப்போகும் நாட்கள் தவிர மற்ற நாட்களில் அடைக்கலராஜ் கடைக்கு மாவரைக்கிறான், கையால்தான் சாப்பிடுகிறான். குழந்தைக்கு அந்தோணியம்மாள் என்றில்லாமல் வேறு பெயர் வைக்கும் தைரியம் கீரப்பாளையத்துப் பாட்டிக்குக்கூட வரவில்லை.

டின் இருந்த இடத்தில் மட்டும், ஒரு சாண் அகலத்துக்கு, இன்னும் எதுவும் கெடுவதில்லை. அதிகாரிகள் நாலு முறை வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. தெரு, புது டின் ஒன்றை அந்தோணியாரின் இடது பக்கம் வைத்துக்கொண்டது. அந்தோணியம்மாள் அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் பாலைப் பழைய இடத்தில்தான் வைக்கிறார்கள். தயிருக்கு மட்டும் வேறு இடத்தில் உறை ஊற்றுகிறார்கள்.