கழுவிய பாட்டில்கள்

ஓடையில் மீன்கள் செத்து மிதந்த பிறகு எங்கள் தெருவில் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். மாதம் ஒருமுறை நான்கு இடங்களில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவது, தையல்காரியான என் பொறுப்பு. கரையோரச் சலவைக்கடைதான் காரணம் என்று தெருவே சொன்னது. கடைக்காரன் என் தம்பி. கழிவுநீரைத் தொட்டியில் வடிகட்டித்தான் விடுகிறேன் என்று சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

முடிவு வந்தது. நான்கு பாட்டிலிலும் சோப்பு. கடையை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினோம். நாளைக்கு என்னை யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று முதல் கையெழுத்தை நானே போட்டேன்.

மனு கொடுக்கும் நாள் காலையில், அடுத்த மாதத்துக்கான பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குச் சுத்தம் ஒரு வியாதி. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுகிறவள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த நுரையைப் பார்த்தேன். முதல் பாட்டில் ஓடை தொடங்கும் ஊற்றில் பிடித்தது. அங்கே சலவைக்கடை ஏது, ஆள் நடமாட்டமே கிடையாது. அதில் எப்படிச் சோப்பு வந்தது?

போன முறையும் இதே சோப்புத்தூளில்தான் பாட்டில்களைத் தேய்த்திருந்தேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் சுத்தம் கடையில் வேலை பார்க்கும் எட்டுப் பேரின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது.

ஈரக்கையோடு போய்க் குழுவிடம் சொன்னேன். யார் முகத்திலும் ஈயாடவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று மருந்துக்கடைக்காரர் முனகினார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு என் கையெழுத்தை அடித்தேன். மனு மேஜை இழுப்பறைக்குள் போனது.

அடுத்த முறை பாட்டிலைப் பரிசோதனைக்கூடமே கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் கூடவே வந்தார். ஓடைத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்தோம். கடைக்கு மேலே பிடித்த இரண்டிலும் துளி சோப்பு இல்லை. கீழே பிடித்த இரண்டிலும் இருந்தது.

எனக்கு அழுகைதான் வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகவே கடைக்குப் போனேன். தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு முறை படித்தான்.

"அன்னைக்கு எனக்காகப் பேசினியாமே அக்கா."

"உனக்காக இல்லடா. தப்பா இருந்துச்சு, தப்புன்னு சொன்னேன்."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அப்ப இதுவும் சரியாத்தான் இருக்கும். வா, எங்க ஒழுகுதுன்னு பாப்போம்."

பின்பக்கம் போய்த் தொட்டியின் மூடியை இருவரும் தூக்கினோம். உள்ளே மணல் இறுகிப்போய், சுவரிலிருந்த வெடிப்பு வழியாகச் சோப்புத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. கட்டிய நாளிலிருந்து திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே எல்லா மெஷினையும் நிறுத்தினான். எட்டுப் பேரும் மறுநாள் தொட்டியில் இறங்கி மணல் அள்ளினார்கள். கடை பத்து நாள் மூடியிருந்தது. மனு இன்னும் இழுப்பறையில்தான் கிடக்கிறது.