இருபத்தொன்பதாவது நகர்த்தல்

அன்று மருந்துக்கடையின் பின்னறையில் இருந்தவர்கள் நால்வர். கடைக்காரர், முன்பக்கம் யாராவது வந்தால் எழுந்து போக வசதியாக, கதவை ஒட்டி ஒரு முக்காலியில். கணக்கு டீச்சர் மேசைக்கு எதிரே, செஸ் பலகையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. குழாய் வேலை பார்க்கும் தம்பி ஓர் அட்டைப்பெட்டியின் மேல், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். நான் ஜன்னலோரம், மடியில் எழுதும் அட்டையுடன். குழுவின் செயலாளர் நான். தப்புச் செய்தவனும் நான்தான்.

எங்கள் குழு இணையத்தில் இருக்கிறது. இருபத்தாறு பேர், பல ஊர். செய்தி அனுப்பித்தான் செஸ் ஆடுகிறோம். ஒரு நகர்த்தலுக்குப் பத்து நாள் அவகாசம். பத்தாம் நாள் காலை பத்து மணிக்குள் பதில் வராவிட்டால் அவர் தோற்றதாக நான் அறிவிப்பு அனுப்புவேன். மெதுவண்டி அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் லிஃப்ட் மெக்கானிக் எப்போதும் ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் அனுப்புவார். வேறு ஊர்க்காரர், நேரில் யாரும் பார்த்ததில்லை. அவர் சத்தமில்லாமல் இருந்தால் யோசிக்கிறார் என்றுதான் அர்த்தம். அதனால் இந்த முறையும் யாரும் விசாரிக்கவில்லை. பத்தாம் நாள் பத்து மணி அடித்ததும், தோல்வி பதிவு செய்யப்படுகிறது என்று அனுப்பிவிட்டேன். நான்காம் நாளே, வேலைக்குப் போன இடத்தில், மாரடைப்பில் அவர் போய்விட்டிருந்தார்.

பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. அதில் கோபம் இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை. அப்பாவின் செல்போனில் வந்த அறிவிப்பை அம்மா படித்துவிட்டார்களாம். "அத்தனை நாள் அந்தப் பலகையையே பாத்துக்கிட்டு இருந்தாரே, கடைசியில தோத்தா போனாரு?" என்று கேட்டபடியே இருக்கிறார்களாம். அம்மாவுக்கு இணையம் பழக்கமில்லை. காகிதத்தில் எழுதினால் நல்லது என்று முகவரியும் கொடுத்திருந்தாள்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதுவது என்று முடிவு செய்யத்தான் கூடியிருந்தோம்.

செத்தவருக்குத் தோல்வி நோட்டீஸ் அனுப்பிய ஒரே சங்கம் உலகத்தில் நம்முடையதாகத்தான் இருக்கும் என்றார் கடைக்காரர்.

டீச்சர் முக்கால் மணி நேரம் காய்களை நகர்த்திப் பார்த்தார். இப்படிப் போட்டார், அப்படிப் போட்டார், பழைய இடத்துக்கே கொண்டு வந்து வைத்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணனுடைய குதிரை ஓரத்தில் மாட்டிக்கொண்டதாம். தம்பியின் சிப்பாய் இன்னும் நாலு கட்டம் போனால் ராணியாகிவிடுமாம். தடுக்க வழியில்லை.

எதிரே ஆடியவன் தம்பிதான். அவர் ஜெயித்திருப்பார் என்றே எழுதிவிடலாம் என்றான் அவன், தனக்கொன்றும் குறைந்துவிடாதாம். அவன் போடும் குழாய் மாதிரிதான் அவன் பொய்யும், ரெண்டே நாளில் ஒழுகிவிடும் என்றார் டீச்சர். மகளுக்கு ஆட்டம் தெரிந்திருந்தால்? கடைக்காரர் சமன் என்று எழுதலாமே என்றார். எனக்கு அதுவும் பிடித்தது. எதை எழுதினாலும் என் தப்பு கொஞ்சம் சின்னதாகும் என்ற நப்பாசை.

தம்பி எழுந்து நின்றான். செல்போனை எடுத்தான், திரும்பப் பையில் போட்டான், மறுபடி எடுத்தான்.

"இதைக் காட்டலாமான்னு தெரியல. அவர் எனக்கு மட்டும் எழுதினது."

எங்கள் குழுவில் நகர்த்தலை மட்டும் அனுப்புவது மரியாதையில்லை. வீட்டு விஷயமாக ஒரு வரியாவது கூட வைக்க வேண்டும். எனக்கு வருவது நகர்த்தல் மட்டும். அந்த வரி ஆடுகிற இருவருக்குள்ளேயே நின்றுவிடும். தம்பி ஒவ்வொன்றாகப் படித்தான்.

ஏழாவது: "வீட்டுக்காரிக்கு முட்டி வலி. ஊரான் வீட்டு லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறேன், நாங்க இருக்கறது லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. தண்ணிக் குடத்தை நானே தூக்கறேன், அவ என்னைத் திட்டறா."

பதினெட்டாவது: "மகள் புதுக் கண்ணாடி போட வச்சா. போன வாரம் குதிரையை எங்க வச்சேன்னு இப்பத்தான் தெரியுது."

இருபத்தொன்பதாவது, கடைசி: "ஆட்டம் கைவிட்டுப் போச்சு தம்பி, எனக்குத் தெரியும். உடனே ஒத்துக்கிட்டா உங்க அப்பா ஆஸ்பத்திரியில எப்படி இருக்காருன்னு யாரு எனக்குச் சொல்லுவா? இழுத்துப் பிடிச்சு ஆடறேன். யாரு ஜெயிக்கிறான்னு வீட்டுக்காரி கேட்டா. தெரியலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

முன்பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டுக் கூப்பிட்டார்கள். கடைக்காரர் எழுந்திருக்கச் சற்று நேரமானது.

"தோத்தாருன்னே எழுதுங்க சார்," என்றார் டீச்சர். "அவரே ஒத்துக்கிட்டதை நாம எதுக்கு மறைக்கணும்?"

எழுதினேன்.

'அம்மா அவர்களுக்கு. அந்த அறிவிப்பை விசாரிக்காமல் அனுப்பியது என் பிழை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில்: ஆட்டம் தொடர்ந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். அது அவருக்குத் தெரியும். பலகையை அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஜெயிப்பதற்காக இல்லை. அந்த நாட்களில் அவர் எழுதியது இத்துடன் இருக்கிறது. பெரும்பாலும் உங்களைப் பற்றித்தான்.'

இருபத்தொன்பது வரிகளையும் தம்பியே தன் கையால் நகல் எடுத்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவைப் பற்றிய வரி வந்தபோது மட்டும் பேனா நின்று, பிறகு நகர்ந்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்த டீச்சர் கை நீட்டினார். விடுங்கள், படிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார் கடைக்காரர்.

ஐந்து தாள் வந்தது. மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். முகவரியை மகளின் செய்தியோடு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைக்காரர் கொடுத்த பசையைத் தடவி ஒட்டி, காயும்வரை மேசையில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்புறம் நால்வரும் தெருமுனை வரை நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டோம்.