குண்டுவின் கண் துடிப்பு

காலையில் எழுந்தபோதே செல்ல நாய் குண்டு தலை சாய்ந்து தள்ளாடியது. கண்மணிகள் இரண்டும் விடாமல் துடித்தன. தையல்காரி அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். கூட வந்த அண்ணன், கெட்ட சேதி கேட்கத் தெம்பில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

கால்நடை மருத்துவர் குண்டுவை நிற்கவைத்தும், மல்லாக்கப் பிடித்தும் கண்களையே உற்றுப் பார்த்தார்.

"எப்படிப் பிடிச்சாலும் கண்ணு ஒரே பக்கமாத்தான் துடிக்குதும்மா. மூளையில கோளாறுன்னா, மல்லாத்தினதும் பக்கம் மாறலாம். இது உள்காதுக் கோளாறு மாதிரிதான் இருக்கு. பெரும்பாலும் தேறிடும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் திறந்து, "உள்ள வாண்ணே, பிழைச்சுக்குவான்" என்றாள்.

"குடிகாரன் மாதிரி நிக்கிறான் பாரு" என்று சிரித்தபடியே அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.