மூன்று நாள் மருந்து

நியூசிலாந்தின் பாபகூரா கிளினிக்கில் நான் நர்ஸ் பிராக்டிஷனர். மருந்து எழுதுவதும் என் வேலை, எழுத மறுப்பதும் என் வேலை.

கீதன் தூக்கி வந்த இரண்டு வயது மகளுக்கு மூக்கொழுகும் தடிமனும் காய்ச்சலும். காதும் நெஞ்சும் நன்றாகவே இருந்தன.

“இது வைரஸ். அன்டிபயோட்டிக்குக் கேக்காது. மூச்சு இழுத்தால் உடனை கொண்டு வாங்கோ,” என்று, விடாமல் மருந்து கேட்டவரிடம் மூன்றாம் தடவை சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் தயங்கியபடி மனைவி நிசாந்தினியின் மெசேஜைக் காட்டினார்: ‘மருந்து இல்லாமல் வராதேங்கோ. எனக்கு இனி லீவு இல்லை.’

என் கோபம் இடம் மாறியது. பிள்ளைக்குத் தேவை பாலும், நித்திரையும், மூன்று நாள் ஒரு மடியும்தான். லீவுக் கடிதம் எழுதி நீட்டினேன்.

வாசித்தவர் திகைத்தார். “மிஸ்ஸி, இதிலை என்ரை பேரெல்லே கிடக்கு?”

“ஓம். அப்பா நீங்கள்தானே?”