மகன் பெயரில் ஆடியவர்

கிறிஸ்துதாஸ் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் மனைவி இன்பராணியோடும் கல்லூரியில் படிக்கும் மகன் பிராங்ளினோடும் குடியிருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குக் கூடும் தமிழ்ச் சபைக்கு அவர்தான் செயலாளர். கணக்கு, அறிவிப்பு, கிறிஸ்துமஸ் பிரியாணி வரைக்கும் அவர் சொன்னால்தான் நடக்கும். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதது, அவர் ஃபோனில் 'ஜங்ஷன் பாபு' விளையாடுகிறவர் என்பது.

ரயில் ஜங்ஷன் ஒன்றின் சிக்னல் கேபினில் நம்மை உட்கார வைக்கும் விளையாட்டு அது. நாலா பக்கமும் இருந்து வண்டிகள் வரும். எதை எந்த லைனில் விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் பிசகினால் இரண்டு வண்டிகள் மோதும். டெல்லியிலேயே இருக்கும் 'பீலி பத்தி' (மஞ்சள் விளக்கு) என்ற சின்னக் கம்பெனி அதைச் செய்திருந்தது. இன்பராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு நைட் டியூட்டி இருந்த காலத்தில் தூக்கம் வராமல் கிறிஸ்துதாஸ் அதை இறக்கிப் பார்த்தார். பெயர் கேட்டபோது தன் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தது. மகன் பெயரைப் போட்டார். மூன்று வருஷத்தில் டெல்லியில் அந்தப் பெயருக்கு மேலே வேறு பெயர் இல்லை.

இடையில் சபையில் ஒரு குடும்ப ஞாயிறு வந்தது. பிள்ளைகளும் ஃபோனும் பற்றி அவரைப் பேசச் சொன்னார்கள். "கேம் விளையாடுத பிள்ளைகளைக் குத்தம் சொல்லாதீங்க. அவங்களுக்கு முன்மாதிரியா இல்லாத நம்மளைச் சொல்லுங்க" என்று கிறிஸ்துதாஸ் பேசினார். நன்றாகத்தான் பேசினார். பெண்கள் பக்கமிருந்து ஸ்தோத்திரம் எழுந்தது. வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய ஆட்டத்தை முடித்தார்.

அந்த மாசமே பீலி பத்தியிலிருந்து மெயில் வந்தது. 'ஜங்ஷன் பாபு'வின் இரண்டாம் பாகம் வெளியாகிறது, ஓக்லாவில் விழா, ஒவ்வொரு ஊரிலும் முதலில் இருப்பவருக்கு இரண்டு பாஸ், அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் செய்தவர்களின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. ஆசை கூச்சத்தை ஜெயித்தது. இன்பராணி டியூட்டிக்குப் போன பிறகு மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

பிராங்ளின் முதலில் நம்பவில்லை. ஃபோனை வாங்கிப் பார்த்தான்.

"அரே பா! இது நீங்களா? டெல்லியில நம்பர் ஒன்னா?"

"சத்தம் போடாத. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

"என் காலேஜ்ல பசங்க இதுல லெவல் பத்து தாண்ட முடியாம அழறாங்க பா. சச்சீ சொல்லுங்க, நீங்கதானா?"

"ஆமா. உன் பேரைப் போட்டுட்டேன். பாஸ் உன் பேர்ல இருக்கு. நீ வந்தாத்தான் என்னை உள்ள விடுவான்."

பிராங்ளின் சிரித்தான். அது கேலிச் சிரிப்பு இல்லை. அப்பாவை அதற்கு முன் அவன் அப்படிப் பார்த்ததே கிடையாது. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது. தெரியவும் வேண்டாம். சும்மா போவோம், பாப்போம், வருவோம்."

"அச்சா. நானும் வரேன். செம்மயா இருக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் லாஜ்பத் நகரில் மெட்ரோ மாறி ஓக்லா போனார்கள். வழியெல்லாம் பிராங்ளின் விளையாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான். கிறிஸ்துதாஸ் மெல்லிய குரலில் பதில் சொன்னார். இவ்வளவு தூரம் அவர்கள் பேசிக்கொண்டு போனது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

பழைய தொழிற்சாலைக் கட்டிடம் ஒன்றை ஹாலாக மாற்றியிருந்தார்கள். வாசலில் நிஜமான சிவப்பு, பச்சைச் சிக்னல் விளக்குகள். உள்ளே நுழைந்ததும் எல்லாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி கொடுத்தார்கள். எங்கு பார்த்தாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். ஒரு பக்கம் மேஜைகளில் புது விளையாட்டு, ஒரு பக்கம் பார்ட்டிக்கு மோமோவும் கூல் டிரிங்க்ஸும். கிறிஸ்துதாஸ் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இரண்டு பையன்கள் மழைக்கால லெவலைப் பற்றி வாதாடினார்கள். கூட்ஸ் வண்டியை முதலில் விட வேண்டும் என்றான் ஒருவன், கூடாது என்றான் மற்றவன். கிறிஸ்துதாஸால் சும்மா இருக்க முடியவில்லை. "கூட்ஸை ஓரத்து லூப் லைனில் ஒதுக்கிவிட்டு பாசஞ்சரை விடு பேட்டா" என்று இந்தியில் சொன்னார். இருவரும் திரும்பினார்கள்.

"அங்கிள், நீங்களும் விளையாடுவீங்களா?"

"இல்லை இல்லை. என் மகன் சொல்லிக் கேட்டது" என்றார் கிறிஸ்துதாஸ்.

பிராங்ளின் அதைக் கேட்டான். மோமோ எடுக்கப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மேடையில் மைக் உயிர்பெற்றது. விளையாடுகிறவர்களோடு பேசிப் பழகும் வேலையில் கம்பெனியில் இருந்த ஜ்யோத்ஸ்னா என்ற பெண் நிகழ்ச்சியை நடத்தினாள். விளையாட்டை உருவாக்கிய கௌஷிக்கை அறிமுகப்படுத்தினாள். கைதட்டல் ஓய்ந்ததும், "இப்போ ஒரு சர்ப்ரைஸ். டெல்லியின் நம்பர் ஒன் நம்ம கூட இங்கே இருக்கார். புது லெவலை கௌஷிக்கோட சேர்ந்து முதல்முறையா ஆடிக் காட்டப் போறார். பிராங்ளின், எங்கே இருக்கீங்க?" என்றாள்.

பிராங்ளினின் கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அவனை முன்னால் தள்ளினார்கள். தோளில் தட்டினார்கள். மேடைப் படியில் கால் வைத்தவன் நின்று திரும்பி அப்பாவைத் தேடினான்.

அந்த நேரத்தில்தான் கிறிஸ்துதாஸ் சைமனைப் பார்த்தார். சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கும் பையன். அவனுடைய அம்மா டெல்பின், இன்பராணி வேலை செய்யும் அதே வார்டில் நர்ஸ். அவன் ஃபோனை உயர்த்தி மேடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மகனின் கண் தன்மேல் பட்டபோது கிறிஸ்துதாஸ் தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று.

பிராங்ளின் மேலே ஏறினான்.

பெரிய திரையில் ஜங்ஷன் விரிந்தது. கௌஷிக் தன் பக்கத்து வண்டிகளை வரிசையாக விட்டார். பிராங்ளினுக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியவில்லை. முதல் வண்டி சிக்னலில் நின்றது. இரண்டாவது வண்டி அதன்மேல் போய் மோதியது. ஹால் சிரித்தது. நடிக்கிறான் என்று நினைத்தார்கள். மூன்றாவதும் மோதியது. நாலாவது மோதியபோது சிரிப்பின் சத்தம் மாறிவிட்டது. பின்னாலிருந்து "ஃபேக்! ஃபேக்!" என்று யாரோ ஆரம்பிக்க, பலபேர் சேர்ந்துகொண்டார்கள்.

கீழே நின்ற கிறிஸ்துதாஸ் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார். நாலு எட்டு வைத்தால் மேடை. நான்தான் என்று சொன்னால் போதும். அவர் சைமனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கௌஷிக் சங்கடத்தோடு, "பாய், உண்மையைச் சொல். இந்த அக்கவுண்ட்டை யார்கிட்டயாவது விலைக்கு வாங்கினியா?" என்று கேட்டார்.

பிராங்ளின் கீழே பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்து, "ஹா(ன்), கரீதா ஹை" என்றான். ஆமாம், வாங்கினேன்.

கூச்சல் எழுந்தது. ஜ்யோத்ஸ்னா அவசரமாக மைக்கை வாங்கி, அடுத்த இடத்திலிருந்த ரோகிணி பகுதிப் பெண் ஒருத்தியை மேடைக்கு அழைத்தாள். பிராங்ளினுக்கென்று பரிசாக வைத்திருந்த பித்தளைச் சிக்னல் விளக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் ஆடத் தொடங்கியதும் ஹால் பழைய உற்சாகத்துக்குத் திரும்பிவிட்டது.

பிராங்ளின் இறங்கி வந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"போலாம் பா."

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்லே. இரு."

"இப்ப எதுக்கு?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் வாசலைப் பார்த்து நடந்தான்.

பின்னாலேயே போகக் கிறிஸ்துதாஸ் திரும்பியபோது சைமன் எதிரே வந்துவிட்டான்.

"அங்கிள்! நீங்க இங்கயா? பிராங்ளினைத் தேடி வந்தீங்களா?" அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அவன் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கவே இல்ல அங்கிள். குடும்ப ஞாயிறுல நீங்க அவ்வளவு அழகாப் பேசுனீங்க. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்!"

"என்ன செய்ய தம்பி" என்றார் கிறிஸ்துதாஸ். "அவனுக்காக ஜெபம் பண்ணிக்கோ."

சைமன் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான்.

கிறிஸ்துதாஸ் அந்த இடத்திலேயே நின்றார். மேடையில் ஏறாததைக்கூட பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்? யாரும் தன்னிடம் கேட்கவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை. தானாக, நல்ல தமிழில், பெற்ற மகனைப் பாவியாக்கி ஜெபம் கேட்டாயிற்று. வாய்க்குள் ஏதோ கெட்டுப்போனதைத் தின்றது போல இருந்தது.

ஜ்யோத்ஸ்னாவைத் தேடிப் போய்ச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தணிந்த குரலில், "அங்கிள், பரவாயில்லை. பிள்ளைகள் தப்புப் பண்ணுவாங்க. அதுக்காக நீங்க பழியை உங்க மேல போட்டுக்க வேண்டாம்" என்றாள்.

அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். மேடையில் மகன் தோற்ற அதே லெவலைத் திறந்தார். வண்டிகள் வந்தன. ஒன்றை லூப்பில் ஒதுக்கி, ஒன்றை வெளியே நிறுத்தி, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். ஜ்யோத்ஸ்னா கௌஷிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாள். கௌஷிக் கடைசி வண்டி போகும்வரை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அப்புறம் ஏன் சார் அப்போ மேடைக்கு வரல?"

கிறிஸ்துதாஸ் எழுந்து மேடையைப் பார்த்தார்.

"இப்போ மைக்கில் சொல்லிடலாமா?" என்று கேட்டார். கௌஷிக் தயங்கினார். கேக் வெட்டப் போகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்ணின் கையில் விளக்கைக் கொடுத்தாயிற்று. "விட்டுடுங்க சார். எங்க ரெக்கார்ட்ல அக்கவுண்ட் பெயரை உங்க பெயரா மாத்திடறோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கூட்டத்தில் சைமனைத் தேடிப் பிடித்தார் கிறிஸ்துதாஸ்.

"தம்பி, அந்த அக்கவுண்ட் என்னோடது. மூணு வருஷமா நான்தான் விளையாடுதேன். அவன் என்னைக் காப்பாத்த அப்படிச் சொல்லிட்டான்."

சைமனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அப்போ குடும்ப ஞாயிறுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "நான் வீடியோவை வாலிபர் குரூப்ல போட்டுட்டேன் அங்கிள். எடுத்துடறேன்."

எடுத்தான். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது.

வாசலில் பிராங்ளின் இல்லை. ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. கிறிஸ்துதாஸ் தனியாக மெட்ரோவில் திரும்பினார்.

குவார்ட்டர்ஸ் படியேறும்போதே இன்பராணியின் குரல் கேட்டது. டெல்பின் அனுப்பிய வீடியோ அவள் கையில் இருந்தது. பிராங்ளின் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பாத்தீங்களா இவன் செஞ்ச காரியத்தை? துட்டு எங்க இருந்துலே உனக்கு? வாயத் திறக்க மாட்டேங்கான்!"

"அவன விடு. அது நான்" என்றார் கிறிஸ்துதாஸ்.

உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தலையை ஆட்டியதையும் சொன்னார். சைமனிடம் ஜெபம் கேட்டதையும் விடவில்லை. இன்பராணி கத்துவாள் என்று நினைத்தார். அவள் வீடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பிராங்ளின்..." என்றார்.

"பா, நீங்க விளையாடறது எனக்கு ப்ராப்ளமே இல்ல. நான் குஷியாத்தான் இருந்தேன்." அவன் தமிழைத் தேடித் தேடிப் பேசினான். "மேலே ஏறும்போது நீங்க வந்துடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க இப்படி தலை ஆட்டினீங்க. அவ்வளவுதான்."

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்துதாஸ் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, செயலாளர் பொறுப்பு இனி வேண்டாம் என்றார். போதகர் முதலில் சிரித்தார்; ஜெபம் கேட்ட கதை வந்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். ஆராதனை முடிவில் கிறிஸ்துதாஸ் எல்லார் முன்னாலும் நின்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அன்று ஸ்தோத்திரம் எதுவும் எழவில்லை. சில பேர் வந்து கை குலுக்கினார்கள். சில பேர் காப்பி குடிக்கும்போது அவரைப் பற்றிச் சிரித்தார்கள். இரண்டையும் தாங்க முடிந்தது. பிராங்ளின் அன்று சபைக்கு வரவில்லை.

வீட்டில் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. சாப்பிட வாங்க, தண்ணி வருது, கேஸ் தீர்ந்துபோச்சு என்று. ஆனால் கல்லூரியில் அந்த வீடியோ பரவி, பிராங்ளின் மேடையில் சொன்ன வார்த்தையே அவனுக்குப் புதுப்பெயராகிவிட்டது. உண்மை தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. தீபாவளி லீவில் அவனுடைய கூட்டாளிகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்துதாஸ் அவர்களுக்குத் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஓயே கரீதா, சார்ஜர் தே" என்றான் ஒருவன்.

பிராங்ளின் இயல்பாகத் திரும்பி, சார்ஜரை எடுத்துக் கொடுத்தான். அப்பா கதவருகே நிற்பதைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கிறிஸ்துதாஸ் டீயை மேஜையில் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனவர், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.