கூறைச்சேலையைத் தேடிய சுற்று

மருமகன் விமானம் ஓட்டுகிறார் என்பதைப் பழுகாமத்தில் ஒருவரும் நம்பவில்லை. பெண்ணைக் கொடுத்த மாமனார் வினாயகமூர்த்தியே சந்தியில் நின்று சொல்லிவிட்டார்: "ஓட்டுறாரெண்டு சொல்லுறாங்க. கண்டவன் ஆர்?" பெண் வீட்டில் வந்து குடியிருக்கும் மாப்பிள்ளைக்கு இதைவிடக் குத்து வேறு வேண்டுமா? ஜெயரூபனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இந்தச் சுற்று. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் ஊருக்கு மேலே தாழப் பறப்பதாகச் சொல்லியிருந்தான். அறுவடை முடிந்த வயல் வட்டையில் மனைவி கஜானி தன் சிவப்புக் கூறைச்சேலையை விரித்து வைப்பாள். அதைக் கண்டதும் அவன் இறக்கையை ஆட்டுவான்.

சேலையைக் காணோம். முதலில் சிவப்பாகத் தெரிந்தது யாரோ வீட்டு ஓடு. அடுத்தது கோயில் கொடி. கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தான். இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, கிறுகினது போதும். எனக்குத் தலை சுத்துது," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அசனார். காத்தான்குடித் துணி வியாபாரி. விமானத்தை வாடகைக்குப் பிடித்தவர் அவர்தான்.

"இன்னும் ஒரு சுத்துத்தான் காக்கா," என்று அந்த மூத்தவரைச் சமாளித்தான் ஜெயரூபன்.

அந்தச் சின்ன விமானத்தில் இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் எரிபொருளுக்குப் பெரிய டாங்கி ஒன்று, சின்ன டாங்கி ஒன்று. உயரத்தில் சின்னதில் ஓடலாம். தாழ இறங்குமுன் பெரியதற்கு மாற்றிவிட வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் இதைச் சொல்லுவான். சொல்லி என்ன, கண் சேலையைத் தேடப் போனால் கைக்கு யார் ஞாபகப்படுத்துவது?

இடது எஞ்சின் இருமி நின்றது. விமானம் இடப்பக்கம் இழுத்தது. எஞ்சின் கெட்டுவிட்டதென்று நினைத்து, அதை ஒரேயடியாக அணைத்துவிடக் கையை நீட்டினான். அதற்குள் வலதும் நின்றது. காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

அசனார் கலிமாச் சொல்லத் தொடங்கினார். ஜெயரூபனுக்குச் சட்டென்று உறைத்தது: இரண்டு எஞ்சினும் பேசிவைத்துக்கொண்டு கெடாது. இது பெற்றோல்! டாங்கி மாற்றும் இரண்டு பிடிகளையும் பெரியதற்குத் திருப்பி, பம்பைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. கீழே ஊரோரத்து வாவி கிட்ட வந்தது. தோணியில் நின்ற ஒருவன் வலையை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தான். அப்போதுதான் வலது உறுமியது, பிறகு இடது.

மட்டக்களப்பில் இறங்கியதும் அசனார் தொப்பியைத் தலையில் வைக்கப் பார்த்தார். தொப்பி இரண்டு தரம் கைநழுவித் தரையில் விழுந்தது. "எனக்கு நாலு புள்ளைகள் தம்பி," என்றார். ஏசியிருந்தால் ஜெயரூபன் தாங்கியிருப்பான்.

அப்போது ஊரிலிருந்து கஜானி போனில் அழைத்தாள். பின்னால் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

"மாடு மிதிக்குமெண்டு அப்பா சேலைய எடுத்து மடிச்சிட்டார். எண்டாலும் எங்களக் கண்டீங்கதானே? நாங்க கத்துறது கேக்கட்டுமெண்டு எஞ்சின நிப்பாட்டினீங்களாம், அப்பா எல்லாருக்கும் சொல்லுறார்! நானும் பேரச் சொல்லிக் கூப்பிட்டன். கேட்டதா?"

ஓம் என்ற ஒரு சொல் போதும், மாமனாரின் வாய் ஆயுசுக்கும் அடைபடும். ஜெயரூபன் அசனாரின் கையைப் பார்த்தான்.

"நான் நிப்பாட்டல்ல, கஜானி. சேலையத் தேடினதுல டாங்கி மாத்த மறந்திட்டன். அதுவா நிண்டது. இப்ப போய் மேலிடத்துல சொல்லப்போறன். மறுகா ஓட விடுவாங்களோ தெரியா."



"மருமகனுக்குக் கேட்டதாமா?" என்றது மாமனாரின் குரல்.

"ஓம் அப்பா," என்றாள் கஜானி, எல்லோருக்கும் கேட்கும்படி உரத்து. "எல்லாம் கேட்டதாம்." பிறகு போனை வாயோடு சேர்த்துப் பிடித்து அழுதாள்.

"வீட்ட வாங்க."