ஒரு விரல் பாட்டு

என் வீட்டுக்காரர் எந்த பேண்டில் கிட்டார் வாசித்தார் என்று சொன்னால், ஐம்பது தாண்டியவர்களில் சிலர் இன்றைக்கும் "அட, அவரா!" என்று எழுந்தே நின்றுவிடுவார்கள். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "அந்தப் பாட்டுக்கு என்ன டியூனிங் வெச்சார்னு தெரியுமாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்கிறவள். அந்த மனிதரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கிட்டாருக்கு ஆறு கம்பி. ஊர் உலகமெல்லாம் அந்த ஆறையும் ஒரே மாதிரிதான் சுருதி கூட்டும். இவர் மட்டும் பாட்டுக்குப் பாட்டு ஒன்றை இறக்குவார், இன்னொன்றை ஏற்றுவார். ஒரு பாட்டுக்குக் கூட்டியது அடுத்ததற்கு உதவாது.

மேடையில் இது பெரிய ரோதனை. ஒரு ராக் பாட்டு முடிந்து கூட்டம் கூத்தாடிக்கொண்டிருக்கும்போது இவர் குனிந்து திருகுகளைத் திருக ஆரம்பித்துவிடுவார். பாடகர் கைவசம் இருந்த நாலு ஜோக்கையும் சொல்லித் தீர்த்துவிட்டுத் திரும்பி முறைப்பார். டிரம்ஸ் வாசித்தது இவருடைய சொந்தத் தம்பி. வாசிப்பு அப்படி என்பதால் எல்லோரும் அவனை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் குச்சியைச் சுழற்றித் தூக்கிப் போட்டுப் பிடித்து எப்படியோ சமாளிப்பான். பிறகு வந்த பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை வழக்கமான சுருதியில் வாசிக்கப் பார்த்து, விரல்களைப் பின்னிக்கொண்டு தவிப்பார்கள். இவர் அதையெல்லாம் போனில் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

"எதுக்கு இந்த வம்பு? எல்லாரும் வைக்கிற மாதிரி வெச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விரல் இருக்கே, அது பழகின இடத்துக்கேதான் போகும். கம்பியை மாத்திட்டா அதுக்கு வழி தெரியாது, முழிக்கும். அப்பதான் புதுசா ஏதாவது மாட்டும்" என்றார்.

எதையும் குறித்து வைக்கிற பழக்கம் கிடையாது. கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார். நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை விட்டதில்லை. "ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் பாட்டு போட்டீங்க. கட்டினவளுக்கு ஒண்ணு உண்டா?" என்பேன். "உனக்குப் போட்டா நீ திருத்தம் சொல்லுவ" என்பார். உண்மைதான், சொல்லியிருப்பேன்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. நோயைவிட மருந்துதான் ஆளை உருக்கியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். கிட்டாரை எடுப்பார், இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. துணி மடிக்கப் போய்விடுவேன்.

ஒரு மதியம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கனமாக, அகலமாக, நான் அதுவரை கேட்காத சேர்க்கை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். அவர் சோபாவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா, உட்காரு. வாங்கிக்கோ" என்று கிட்டாரை என் மடியில் வைத்தார்.

"எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். ஒரே விரல்ல வாசிக்கிற மாதிரி கூட்டியிருக்கேன். என் கைக்காகத்தான் கூட்டினேன். இப்ப பாத்தா இது உன் கைக்கும் சரியா வருது." என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்தார். "இங்க ஒரு தடவை. அப்புறம் இங்க. அப்புறம் கீழ, இங்க. நடுவுல விரலை எடுத்துட்டு சும்மா மீட்டு. அவ்வளவுதான்."

மீட்டினேன். ஒரு ஸ்வரம் தெரியாதவள், நான், வாசித்தேன். என் வயிற்றோடு சேர்ந்து அந்த மரம் அதிர்ந்தது. அவர் மெதுவாக முணுமுணுத்தார். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும்.

"யாருக்கு இது?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"திருத்தம் இருந்தா சொல்லு."

போனில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். "இருடி, இன்னும் முடிக்கல. முடிச்சதும் பண்ணலாம்" என்றார். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

கிட்டாரை நான்தான் பெட்டியில் வைத்து மூடினேன். கம்பியில் கைகூடப் படாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். பெட்டி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. திறக்க மனம் வரவில்லை. மனம் வராதபோதும் ஒரு நிம்மதி இருந்தது. விரல் வைக்கிற மூன்று இடமும் எனக்குத் தெரியும். சுருதி பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. என்றைக்குத் திறந்தாலும் பாட்டு இருக்கும். அந்த நினைப்பில்தான் வேளைக்குச் சாப்பிட்டேன், கடைக்குப் போனேன், மனிதர்களோடு பேசினேன்.

இடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். குழாய் ஒழுகினால் பார்ப்பான், பல்பு மாற்றுவான், ஒன்றும் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு ஞாயிறு காலையில் அவனைப் பார்த்ததும் எனக்கு என்னவோ துணிச்சல் வந்துவிட்டது.

"இடி, உங்க அண்ணன் எனக்கு ஒரு பாட்டு போட்டார், தெரியுமா? நானே வாசிப்பேன். கேக்கறியா?"

"நீங்களா? அண்ணி, எனக்கு நெஞ்சு வலி வந்தா நீங்கதான் பொறுப்பு" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

பெட்டியைக் கிடத்தித் திறந்தேன். கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், பலகையில் பட்டு டப்பென்றது.

"நான்தான் தளர்த்தி வெச்சேன் அண்ணி" என்றான், நல்ல காரியம் செய்த முகத்தோடு. "அண்ணன் எப்பவும் சொல்வார்ல, ரொம்ப நாள் வாசிக்காம வெச்சா கம்பியைத் தளர்த்திடணும், இல்லன்னா இழுத்து இழுத்து கழுத்து வளைஞ்சிடும்னு. நீங்க இப்போதைக்குத் தொட மாட்டீங்கன்னு தெரியும். அதான் நீங்க கடைக்குப் போயிருந்தப்போ ஒருநாள் என்கிட்ட இருக்கிற சாவியைப் போட்டுத் திறந்து வந்து..."

"எவன்டா உன்னைத் தொடச் சொன்னது!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அதுலதான்டா இருந்தது. பாட்டே அதுலதான் இருந்தது!"

அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அவன் மேல் கோபம், அந்த விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர் மேல் அதைவிடக் கோபம். அண்ணன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான். இவனை என்ன சொல்லி அடிப்பது?

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "கண்டுபிடிச்சிடலாம் அண்ணி. அண்ணன் வெச்ச டியூனிங் எல்லாம் எனக்குத் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னாடியே உக்காந்து கேட்டவன் நான்" என்றான்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இதே வேலை. அவன் கூட்டுவான், நான் மூன்று இடத்திலும் விரலைப் படுக்க வைத்து மீட்டுவேன். முதலில் பழைய பாட்டுகளின் சுருதியெல்லாம் வந்தன. மேடையில் ஆயிரம் பேர் எழுந்து ஆடிய பாட்டுகள் அவை. எதுவும் என் பாட்டு இல்லை. பிறகு அவன் யோசித்து யோசித்துப் புதிதாகக் கூட்டினான். நான் மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். மெட்டு எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு அடியில் அகலமாக விரிந்த சத்தம்தான் வேண்டியிருந்தது. அதை வாயால் எப்படிச் சொல்வது? "இன்னும் கனமா." "இல்ல, இவ்வளவு சோகமா இல்ல." "ஒரு கம்பி மட்டும் இடிக்குது, எதுன்னு தெரியல."

ஒருநாள் அவன் மூன்றாவது கம்பியை ஏற்றிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் மீட்டினான்.

"நில்லு! நில்லு! இப்ப வாசிச்சியே, அது!"

அவன் பதறிப்போய்க் கையை எடுத்தான். திருகு ஏற்கெனவே நகர்ந்துவிட்டிருந்தது. கொஞ்சம் இறக்கினான். இல்லை. கொஞ்சம் ஏற்றினான். இல்லை. பொழுது சாயும்வரை அந்த ஒரு கம்பியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தோம். அன்று அவன் போன பிறகு சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதேன். அவர் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கடையில் தினமும் பார்க்கிறேன். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியாது. எனக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. முதல் ஞாயிறு "இது இல்லை" என்று பட்டென்று சொன்னேன். இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. கேட்ட தப்பெல்லாம் காதில் தங்கிவிட்டது.

இடியும் பாதி ஆளாகிவிட்டான். தாடியும் மீசையுமாக வருவான். தூக்கத்தில் கை திருகுவதுபோல் ஆடுகிறது என்று அவன் மனைவி போனில் சொன்னாள். "நான் அண்ணனை ரெண்டாவது தடவை கொன்னுட்டேன் அண்ணி" என்றான் ஒருமுறை, கம்பியைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு அவன் கூட்டியது ஒன்று நன்றாக இருந்தது. கனமாக இருந்தது, இடிக்கவில்லை. மூன்று இடத்திலும் விரல் வைத்து மீட்டினேன். அழகாகத்தான் இருந்தது. அது இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதான்" என்றேன்.

"நிஜமாவா அண்ணி?"

"இதேதான்டா. உங்க அண்ணன் வெச்சது."

அவ்வளவு பெரிய ஆள் கிட்டாரின் மேல் கவிழ்ந்து குழந்தையாகத் தேம்பினான். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு கம்பியாகப் பதிவு செய்தான். என்னை வாசிக்கச் சொல்லியும் பதிவு செய்தான். பேண்டில் இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். பாடகர் உடனே கூப்பிட்டார், அழுதார். "அவனைத் தவிர வேற யாருக்கு இப்படிக் கூட்ட வரும்?" என்றார்.

"இனிமே போகாது அண்ணி" என்று சொல்லிவிட்டு இடி வீட்டுக்குப் போனான். அன்று நன்றாகத் தூங்கியிருப்பான்.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணை மூடி அந்த மதியத்தை நினைத்துப் பார்த்தேன். அவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். மரத்துப்போன கையால் என் விரலைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வைக்கிறார். எல்லாம் அப்படியே இருக்கிறது, அந்தச் சிரிப்புகூட. நான் மீட்டுகிறேன். காதில் கேட்பது இடி கூட்டின சுருதி.